விழுந்த முதியவரை வெளியே கொண்டுவர ஏற்றபடி வீட்டு வரைபடம் அமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். திருச்சியில் தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டவிருக்கிறோம். 78 வயதான அம்மா எங்களுடன்தான் இருப்பார். வழுக்காத டைல்ஸ், கைப்பிடி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதையும் மீறி அவர் விழுந்துவிட்டால், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தடையின்றி அவரை அணுகி வெளியே கொண்டுசெல்ல, வரைபடத்தில் எவற்றை இப்போதே மாற்ற வேண்டும்?

பதில் 1 (கட்டடப் பொறியாளர்):
முதலில் குளியலறைக் கதவைக் கவனியுங்கள். இரண்டரை அடிக் கதவை உட்பக்கமாகத் திறக்கும்படி வைப்பதே நம் ஊர் வழக்கம். விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால், வெளியிலிருந்து தள்ளும் விசை முழுவதும் அவர் உடம்பின் மீதே இறங்கும், கடைசியில் கதவை உடைக்க வேண்டியதாகிவிடும். மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு வையுங்கள். இடமில்லையென்றால் சுவரையொட்டி நகரும் கதவு நல்லது. தாழ்ப்பாளுக்குப் பதிலாக, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டைப் பொருத்துங்கள். தண்ணீர் வெளியே வடியும் என்று ஆசாரி தடை சொல்லக்கூடும். தரைச் சரிவு சரியாக இருந்தால் அந்தக் கவலை வேண்டாம்.

அம்மாவின் அறை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கும் மேல் நீளமுடையது; மூன்றடிப் படிக்கட்டின் திருப்பத்தில் அதைச் சாய்க்காமல் திருப்புவது மிகக் கடினம், இடுப்பெலும்பு முறிந்தவருக்கோ ஒவ்வொரு சாய்வும் வேதனை.

பதில் 2 (செவிலியர்):
பொறியாளர் சொன்னதோடு அழைப்பு மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கடி உயரத்தில் இருக்கும் சுவிட்ச் தரையில் கிடப்பவருக்கு எட்டாது. இழுத்தால் ஒலிக்கும் கயிறு, தரையிலிருந்து நான்கு விரல் உயரம் வரை தொங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு அழுத்தத்தால் தசை சிதைந்து, சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பதால் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அப்போது அவரைத் தூக்கி நிறுத்தாமல், அசைக்காமல், ஊழியர்கள் வரும் வரை காத்திருங்கள். அதற்கு ஏற்றபடி குளியலறையில் இருவர் மண்டியிட இடம் வேண்டும். கிரில் கேட்டின் மறுசாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பின்னாளில் சிறிய லிஃப்ட் வைத்தால் மாடியில் அறை கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். வீட்டுக்கென வரும் மூன்று, நான்கு பேர் லிஃப்டில் உட்கார்ந்தவரைத்தான் இறக்க முடியும். படுக்கவைத்து இறக்க இயலாது. கீழேயே அறை கொடுத்துவிட்டு, போர்டிகோவில் ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் விடுங்கள். அங்கே இரு சக்கர வண்டிகளை நிறுத்தாதீர்கள்.