அம்மாவுக்குத் தைராய்டு கண் நோய்: ஸ்டீராய்டு டிரிப் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது) என்று போன வருஷம் தெரிந்தது. மாத்திரையில் தைராய்டு அளவு கட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் கண்கள் பிதுங்கிக்கொண்டே வருகின்றன. தூங்கும்போது இமை முழுசாக மூடுவதில்லை. இடுக்கில் வெள்ளை விழி தெரியும். காலையில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்கிறார். நேற்று டம்ளர் இரண்டாகத் தெரிந்து, காபியை மேசையில் ஊற்றிவிட்டார். பார்க்க மனசு தாங்கவில்லை.

பகலில் கண்ணீர் சொட்டு மருந்து, இரவில் ஜெல், தலைக்கு உயரமாக இரண்டு தலையணை. புகை இந்த நோயை மோசமாக்கும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதும் அப்பா சிகரெட்டையே விட்டுவிட்டார்.

இப்போது மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக டிரிப் போடலாம் என்கிறார்கள். வாரம் ஒன்று, முதல் 6 வாரம் 500 மி.கி., அடுத்த 6 வாரம் 250 மி.கி. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அதனால்தான் பயம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுமே!

இதை எடுத்தவர்கள் சர்க்கரையை எப்படிச் சமாளித்தீர்கள்? டிரிப் அன்று இன்சுலின் கூட்டினார்களா? அப்புறம், இரட்டைப் பார்வைக்குப் பிரிசம் கண்ணாடி உதவியதா? திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.