பி.பி.எல். வகுப்பில் நான் பதில் சொல்லாத ஒரு கேள்வி

பி.பி.எல்., அதாவது ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்து மாணவர்களே தேடிக் கற்கும் முறை, எங்கே சரியாக நடக்கிறது, எங்கே சொதப்புகிறது என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். உடலியங்கியல் ட்யூட்டராக எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம் நான் நடத்தியது பெயருக்குத்தான் பி.பி.எல். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கேஸைப் படிப்பார்கள். இரண்டு நிமிடம் யாரும் பேசாவிட்டால் நானே எழுந்து போர்டில் எழுத ஆரம்பித்துவிடுவேன். காத்திருந்தால் மேடம் சொல்லிவிடுவார் என்று பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. போதாக்குறைக்கு, கேஸ் தாளின் தலைப்பிலேயே ‘ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு’ (ஒருவகைப் பூச்சிமருந்து விஷம்) என்று விடையையே அச்சடித்திருந்தோம். அப்புறம் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

அடுத்த வருடம் தலைப்பை எடுத்துவிட்டேன். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்தவர். எச்சில் வழிகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கண்பாவை ஊசிமுனை அளவு, நாடி 48. இந்தத் தடவை பேசுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான். கஷ்டமாகவே இருந்தது. கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், பெரம்பலூர் பக்கம், "எங்கப்பா மருந்தடிச்சிட்டு வந்தா கண்ணு மங்குதும்பாரு" என்றாள். அங்கிருந்து பிடித்துக்கொண்டார்கள். கண்பாவை ஏன் சுருங்குகிறது, எந்த நரம்பு என்று தொடங்கி, நரம்பு செய்தி அனுப்ப விடும் அசிடைல்கொலின் என்ற வேதிப்பொருள் வரை அவர்களே போய்விட்டார்கள்.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "மத்ததெல்லாம் பாராசிம்பதெடிக். வியர்வை சிம்பதெடிக் ஆச்சே மேடம்?"

எச்சில், கண்பாவை, நாடி மூன்றிலும் தெரிந்தது பாராசிம்பதெடிக் நரம்புகளின் வேலை. வியர்வையோ இன்னொரு பிரிவான சிம்பதெடிக் நரம்புகளின் வேலை, அது ஏன் கூடுகிறது என்பதே அவன் சந்தேகம். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அதையும் கற்றல் கேள்வியாக, அதாவது அவர்களே தனியே படித்து விடை தேட வேண்டிய கேள்வியாக, போர்டில் எழுதச் சொன்னேன்.

பி.பி.எல். வகுப்புக்கு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் வகுத்த ஏழு படிகளில் ஏழாவது, தனியே படித்தவர்கள் திரும்பி வந்து ஒருவருக்கொருவர் சொல்வது. நேரமில்லை என்று பலர் தாண்டிவிடுவது அதைத்தான். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் படிக்கு வேலையே இருந்திருக்காது.

மூன்று நாள் கழித்து, தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்றேன். அவனுக்கு விளக்கியது அந்தப் பெண்தான். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் சிம்பதெடிக் நரம்பும் அசிடைல்கொலினைத்தான் விடுகிறது, அதை உடைக்கும் நொதி நஞ்சால் முடங்கியதால் அங்கேயும் தேங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினாள்.

அவன் விடவில்லை, இந்த நஞ்சுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றிக் கேட்டான். "அப்போ அட்ரோபின் போட்டா வியர்வை நிக்குமா?"

"நிக்கும். ஆனா தசை பலவீனம் சரியாகாது" என்றாள்.

ஏன் ஆகாது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். வகுப்பு முடிந்து இருபது நிமிடம் ஆகியும் யாரும் எழவில்லை.