மறு: கத்திப் பிடி 'ஸ்கேல்': செதிலா, தகடா, தோடா?

வணக்கம் நண்பர்களே,

மடக்குக் கத்தியோட பிடியில ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற துண்டு, ஸ்கேல்னு சொல்றோமே, அதுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல தமிழ்ல என்ன வைக்கலாம்னு மூணு நாளா பேச்சு போகுது, நானும் படிச்சுக்கிட்டே இருந்தேன். பழைய ஸ்கேலைக் கழட்டிட்டு மரத்துலயோ எலும்புலயோ மைக்கார்ட்டாங்கிற பிசின் பலகையிலயோ புதுசு செஞ்சு மாட்டுறதுதான் பல வருஷமா எனக்குச் சாயங்கால வேலை, அதனால இந்தச் சொல்லு சரியா அமையணும்னு ரொம்ப ஆசை, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

> ஸ்கேல் = செதில். நேரடியா இருக்கு, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, இதை என்னால ஏத்துக்க முடியல. செதில்னா மீன் உடம்புல ஒன்னு மேல ஒன்னா நூத்துக்கணக்குல அடுக்கியிருக்கும், உதிரும். கத்தியில இருக்கிறது ரெண்டே ரெண்டு, எதிரெதிரா உக்காந்திருக்கும். ஆங்கிலத்துல ஸ்கேல்ங்கிற சொல்லுக்கு மூலத்துல ஓடு, உமி, மேல்தோல்னுதான் பொருள், மீன் செதிலும் அதுல இருந்துதான் வந்துச்சு. ஜெர்மன்காரங்க இதே துண்டை கிரிஃப்ஷாலன்னு சொல்றாங்க, ஷாலன்னா ஓடு, தோல். இத்தாலியில குவான்செத்தே, அதாவது சின்னக் கன்னங்கள். ஒவ்வொரு மொழிக்காரங்களும் பொருளைக் கையில வச்சுப் பார்த்துப் பேரு வச்சிருக்காங்க, நாம மட்டும் ஏன் அகராதியில முதல்ல வர்ற அர்த்தத்தை எடுத்து ஒட்டணும்?

> பிடித்தகடு

அக்கா சொன்ன இந்தச் சொல்லு காதுக்கு நல்லா இருக்கு, ஆனா கத்தியைப் பிரிச்சுப் பார்த்தா சிக்கல் தெரியும். ஸ்விஸ் ஆர்மி கத்தியை எடுத்துக்கோங்க, சிவப்பு பிளாஸ்டிக்கைக் கழட்டினதும் அடியில மெல்லிசா ஒரு அலுமினியத் தகடு இருக்கும், லைனர்னு சொல்வோம். அதுதான் நிஜமான தகடு. மேல இருக்கிறதையும் தகடுன்னு சொல்லிட்டா அடியில இருக்கிறதுக்கு என்ன சொல்றது? அதுவும் போக மேல வர்றது மரமா இருக்கலாம், மான் கொம்பா இருக்கலாம், சிப்பியா இருக்கலாம், இதையெல்லாம் தகடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

என்னோட சொல்லு தோடு.

கடலையை உடைச்சா ரெண்டா பிளந்து வருதே, அது தோடு. உள்ள இருக்கிறதை ரெண்டு பக்கமும் மூடிக் காக்குற ஓடு, கத்தியிலயும் அதே வேலைதான். அடுத்து காதுத் தோடு, அழகுக்காகப் போடுறது, ஜோடியா போடுறது, வேணும்னா கழட்டி வேற மாத்திக்கிறது. இந்தப் பொழுதுபோக்கே அதுதானே! பூவிதழுக்கும் தோடுன்னு பேரு உண்டு, ஓலைக்கும் உண்டு. இந்த ஓலை அர்த்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா மரத்துல நல்ல ஜோடி செய்யணும்னா ஒரே கட்டையை நடுவுல அறுத்து ஏட்டை விரிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் விரிச்சு வைப்போம், அப்போ ரேகை ஒன்னுக்கொன்னு கண்ணாடியில பார்த்த மாதிரி அமையும்.

ஜோடிங்கிறது இதுல எவ்வளவு முக்கியம்னு நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் முறை செஞ்சப்போ ரெண்டு துண்டையும் ஒரே அச்சு வச்சு ஒரே பக்கமா வரைஞ்சு, உள்பக்கக் குழியையும் தோண்டிட்டேன், 91 மில்லிமீட்டர் கத்தி அது. கத்தியோட அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற பித்தளை ரிவெட் ஆணியோட தலை போய் உக்கார்ற குழிதான் அது, நீளவாக்குல ரெண்டு முனைக்கும் ஒரே தூரத்துல இருக்காது. ஒன்னு கச்சிதமா உக்காந்துச்சு. இன்னொன்னு எப்படித் திருப்பினாலும் சேரல, சேர வச்சா குழி வெளிய தெரியுது, ரேகை இருக்கிற நல்ல முகம் உள்ள போயிடுது. ஒரு வாரம் தேய்ச்ச மரம் வீணாப் போச்சு, மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு. வலத்தோடு, இடத்தோடுன்னு அன்னைக்கே சொல்லு இருந்து பென்சில்ல எழுதியிருந்தா அந்தத் தப்பு நடந்திருக்காது.

இப்போ எல்லாரும் கேக்கப் போற கேள்விக்கு வர்றேன், கூட்டுச்சொல்லா எப்படி எழுதுறது? பிடியும் தோடும் சேர்ந்தா பிடித்தோடு, படிக்கிறவங்க பிடித்து ஓடுன்னு படிச்சிடுவாங்க. ஓடுன்னே வைக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, அதுல பிடியோடுன்னு வரும், அது பிடியுடன்கிற அர்த்தத்துக்குப் போயிடும். கைப்பிடித்தோடு இன்னும் மோசம். அதனால பிடிங்கிற சொல்லையே விட்டுடலாம், பொதுவா பேசும்போது கத்தித்தோடு, கத்தியைப் பத்தித்தான் பேசுறோம்னு தெரிஞ்ச இடத்துல வெறும் தோடு. பொருளைச் சேர்க்கிறதும் சுலபம்: மரத்தோடுன்னு சேர்த்து எழுதினா மரத்துடன்னு குழம்பும், அந்த மாதிரி இடத்துல மரத் தோடுன்னு இடம் விட்டு எழுதணும், ஆனா எலும்புத்தோடு, கொம்புத்தோடு, சிப்பித்தோடு எல்லாம் தடங்கல் இல்லாம வருது. வேற்றுமையும் பழகினதுதான், தோட்டைக் கழட்டு, தோட்டுக்கு அடியில, தோட்டுல கீறல்.

சொல்லு தடங்கல் இல்லாம வருதான்னு பார்க்க நிஜமான பத்தியில போட்டுப் பார்க்கணும்னு நினைக்கிறவன் நான், அதனால நேத்து எழுதின குறிப்புல இருந்து கொஞ்சம் இங்க தர்றேன்:

"முதல்ல பிடியில செருகியிருக்கிற பல்குச்சியையும் இடுக்கியையும் உருவி எடுத்துடுங்க. மெல்லிய அலகைத் தோட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவுல விட்டு மெதுவா நெம்புனா டக்குன்னு ரிவெட் தலையை விட்டு விலகும். புதுத் தோட்டை எபாக்சி வச்சு ஒட்டும்போது கொஞ்சமா தடவுங்க, பசை வழிஞ்சு மூட்டுக்குள்ள போச்சுன்னா அலகு திறக்காது. எலும்பு, சிப்பி, கண்ணாடி இழை சேர்ந்த ஜி10, கார்பன் ஃபைபர், எதைத் தேய்ச்சாலும் மாஸ்க் இல்லாம தேய்க்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது. டைட்டானியத் தோட்டுக்குச் சாயமே வேண்டாம், எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கிறோமோ அதுக்கேத்த மாதிரி மேல படியிற ஆக்சைடு படலத்தோட கனம் மாறி நிறமும் மாறும். பழைய செல்லுலாய்டு தோடு இருக்கிற கத்தியை மத்த கத்திகளோட ஒரே பெட்டியில வைக்காதீங்க, அது சிதையும்போது வர்ற ஆவி பக்கத்துல இருக்கிற எஃகையும் அரிச்சுடும்."

இதைப் படிக்கும்போது எங்கயாவது தட்டுதா? எனக்குத் தட்டல. ஸ்கேல்னு இருந்த இடத்துல எல்லாம் தோடு போட்டப்போ வாக்கியம் சுருங்கித்தான் போச்சு.

தந்தத் தோடுன்னு பட்டியல்ல ஒருத்தர் சேர்த்திருந்தாரு. பழைய கத்தியைப் பத்தி எழுத அந்தச் சொல்லு வேணும்தான், ஆனா 1989ல, அழியுற நிலையில இருக்கிற உயிரினங்களோட உலக வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் ஆப்பிரிக்க யானையையும் தடைப் பட்டியல்ல சேர்த்தாங்க, ஆசிய யானை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, அதனால செய்முறைப் பகுதியில அது வர வேண்டாம்னு கேட்டுக்கிறேன்.

மைக்கார்ட்டாவை மொழிபெயர்க்க வேண்டாம், அது வணிகப் பேரு, துணியையோ காகிதத்தையோ பிசின்ல நனைச்சு அடுக்கி அழுத்தினதுன்னு ஒரு வரி விளக்கம் போதும். லைனருக்கு உள்தகடு எனக்குச் சம்மதம். பிடியோட முனையில வர்ற உலோகத் துண்டு, அந்தப் போல்ஸ்டருக்குப் பூண்னு சொல்லலாம்னு தோணுது, உலக்கை முனையில போடுற இரும்பு வளையத்துக்கு இருக்கிற அதே சொல்லு, ஆனா பூண் சுத்தி வர்றது, போல்ஸ்டர் பக்கத்துக்கு ஒன்னா உக்கார்றது, அதனால அதுல எனக்கே முழுத் திருப்தி இல்ல. பட்டறை வேலை தெரிஞ்சவங்க யாராவது அவங்க வாயில வர்ற சொல்லை எழுதுங்க, அதையே எடுத்துக்கலாம்.