கனடாவில் தம்பி வைத்த நாலு செடி: குளிரா, வெளிச்சமா?

ஏற்காடு மிளகு
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம் ஊரில் கஞ்சா வளர்க்கும் கேள்வி இல்லை. என் தம்பி கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் இருக்கிறான். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதி. அவன் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம். போன வருடம் கொல்லையில் வைத்தான். ஜூன் நடுவில் நட்டான், ஆகஸ்டில் ஆள் உயரம். ஆனால் செப்டம்பர் பாதி வரை மொட்டு கட்டவே இல்லை. அப்புறம் ஒரே இரவு உறைபனி, செடி வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. குளிர் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கட்டுமா என்று கேட்கிறான். எனக்கு மிளகும் காபியும்தான் தெரியும்.

ஐந்து ரோடு
வீட்டுத்தோட்டக் குழுவில் கஞ்சாவா? சேலத்தில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்துவிட்ட சனியன் இது. கனடாவில் என்ன சட்டமோ, படிக்கிற பையன்கள் எல்லோரும் இங்கேதானே இருக்கிறார்கள். நிர்வாகி இதை மூடினால் நல்லது.

நாகலூர் காபி
மூடுவது அப்புறம் இருக்கட்டும். தம்பி, பதில் சுலபம். குளிர்தான் காரணம். சமவெளிச் செடியைக் கொண்டுபோய்க் குளிரில் வைத்தால் எப்படிப் பூக்கும்? சேர்வராயன் மலை 5,000 அடி. இந்த மாதிரி உயரத்தில் முளைத்த மலைவிதைக்குக் குளிர் பழகியிருக்கும். அந்த மாதிரி விதை போனால் பிழைத்துக்கொள்ளும். நாற்பது வருடம் மலையில் இருக்கிறேன், குளிருக்கு எது தாங்கும் எது தாங்காது என்று எனக்குத் தெரியாதா?

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்
அண்ணா, மன்னிக்கணும், இரண்டும் தப்பு. விதை அனுப்பும் பேச்சே வேண்டாம். இங்கே 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் செடி வளர்த்தாலே பத்து வருடம் வரை கடுங்காவல். அங்கேயும் வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. நாலு செடி என்ற சலுகை அந்த ஊரில் சட்டப்படி விற்கும் விதைக்குத்தான்.

அடுத்தது, குளிர். தண்டர் பேயில் ஜூலை மாதப் பகல் 24 டிகிரி வரும். ஏற்காட்டு நல்ல நாள் மாதிரிதான். அந்தச் சூட்டில் செடி ஆள் உயரம் வளர்ந்ததே, குளிர் அதை எங்கே தடுத்தது? அது பூக்க மறந்ததற்குக் காரணம் இரவு போதாததுதான். நம் மொச்சையை நினைத்துப் பாருங்கள். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பூப்பது கார்த்திகை வாக்கில்தான். சித்திரையில் போட்டால்? கொடி ஓடும், இலை மண்டும், பூ வராது. கஞ்சாவும் அதே குணம். இரவு நீண்டால்தான் பூக்கும்.

சேலத்தில் மிக நீண்ட பகலே 12 மணி 50 நிமிடத்துக்குள். தண்டர் பே 48 டிகிரி வடக்கு. ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் பகல். ஆகஸ்ட் நடுவில்கூட 14 மணி. இரவும் பகலும் சமமாவதே செப்டம்பர் 22, 23தான். நம் பக்கத்து விதைக்குச் சுமார் 12 மணி நேர இரவு வேண்டும், பூ முதிர இன்னும் மூன்று மாதம் வேண்டும். அங்கே பனி செப்டம்பரிலேயே வந்துவிடுகிறது. மலைவிதை என்பதால் இந்தக் கணக்கு மாறாது. மலை ஏறினால் குளிர் கூடும், பகல் நீளாது. இரவைப் பார்க்காத ரகமாகத்தான் மாற்ற வேண்டும்.

நாகலூர் காபி
மொச்சைக்கு வெயில் காலம் ஆகாது, அதனால் பூப்பதில்லை. இதற்குக் கணக்கு எதற்கு?

ஓமலூர் சாமந்தி
ஐயா, அக்கா சொல்வது சரி. ஓசூர் பக்கம் போய்ப் பாருங்கள், சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரியும். திருட்டுக்குக் காவல் என்று நினைக்காதீர்கள். இரவை உடைத்தால் செடி பூக்காமல் தண்டு நீளும், வேண்டும்போது விளக்கை அணைத்துப் பூக்க வைப்பார்கள். குளிர், வெயில் எல்லாம் அன்றைக்கும் அதேதான், மாறியது இருட்டு மட்டும்.

ஆனால் அக்காவோடு ஒரு சண்டை எனக்கும் உண்டு. ரகம் மாற்ற வேண்டியதில்லை. ஜூலைக் கடைசியிலிருந்து தினமும் சாயங்காலம் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் எடுத்தால் போதும். 12 மணி நேர இருட்டு கிடைத்தால் செடி தானாகப் பூக்கத் தொடங்கும்.

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்
வேலைக்குப் போகிற பையன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பானா? தார்ப்பாய்க்குள் ஈரம் தேங்கினால் சாம்பல் பூஞ்சணம் வரும், அடர்ந்த மொட்டுக்குள் ஒரு ராத்திரியில் அழுகிப்போகும். நீங்கள் பூ விற்கிறவர், தினமும் தோட்டத்தில் இருப்பீர்கள். அவன் அப்படியா?

அதற்குப் பதில், அங்கே தானாகப் பூக்கும் ரகம் என்று ஒன்று விற்கிறார்கள். ரூடெராலிஸ் என்ற வடக்கத்திச் செடியின் குணம் கலந்தது. 1924இல் ருஷ்யாவில் வைத்த பெயர் அது. கோடை சீக்கிரம் முடிகிற இடம், இரவு நீளக் காத்திருந்தால் விதை கட்டாது. அதனால் அது வயதைப் பார்த்துப் பூக்கும், இரவைப் பார்க்காது. விதைத்து இரண்டரை, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஜூன் முதல் வாரம் பனிப்பயம் போனதும் போட்டால் ஆகஸ்ட் கடைசியில் வேலை முடியும். நம் பந்தல் அவரைக்கும் குத்து அவரைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் பருவம் பார்க்கும், குத்து எப்போது போட்டாலும் காய்க்கும்.

ஓமலூர் சாமந்தி
குத்து அவரையில் எத்தனை கூடை வரும், பந்தலில் எத்தனை வரும்? அதுவும் அப்படித்தான். குட்டைச் செடி, கொஞ்சம் மகசூல். நாலே செடிதான் அனுமதி என்றால் நாலையும் பெரிதாக வளர்ப்பதுதானே புத்தி?

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்
போன வருடம் பெரிதாக வளர்த்துப் பனிக்குக் கொடுத்தானே, போதாதா?

ஐந்து ரோடு
மகசூல் கணக்குக்கு வந்தாயிற்று. இன்னும் என்ன பாக்கி, விலை மட்டும்தான்.

ஏற்காடு மிளகு
சார், உங்கள் கோபம் புரிகிறது. நானும் எஸ்டேட் வைத்திருப்பவன். நம் நிலத்தில் யாராவது கள்ளத்தனமாகப் போட்டது தெரிந்தால் நில உரிமையாளரே அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும், அதே சட்டத்தில் 46ஆம் பிரிவு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வேலைக்கு ஆள் போகும்போதெல்லாம் அந்த மூலையையும் பார்த்துவிட்டு வா என்றுதான் அனுப்புகிறேன். தம்பியிடமும் முதலில் சொன்னது, உனக்கு எதற்குடா இது என்றுதான். கேட்கவில்லை.

ஐந்து ரோடு
சரி. விதை போக்குவரத்துப் பேச்சு வராத வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாகலூர் காபி
எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. இருட்டைச் செடி எப்படி எண்ணும்? கடிகாரமா வைத்திருக்கிறது?

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்
ஏறக்குறைய அப்படித்தான் அண்ணா. இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு வெளிச்சம் பட்டால் ஒரு வடிவம், இருட்டில் மெல்ல இன்னொரு வடிவம். அதோடு செடிக்குள் ஓடும் நாள் கடிகாரமும் சேர்ந்து இரவை அளக்கிறது. சாமந்திக்காரர் பல்பு வேலை செய்வது இதனால்தான்.

இதில் வேடிக்கை, இந்த உண்மை முதலில் தெரிய வந்ததே கஞ்சா செடியில்தான். டூர்ன்வா என்ற பிரெஞ்சுக்காரர் 1912 வாக்கில் கஞ்சா இனச் செடியையும் பீருக்குப் போடும் ஹாப்ஸின் உறவுச் செடியையும் வைத்துப் பார்த்தார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதுதான் காரணம் என்று 1914இலேயே எழுதிவிட்டார். அந்த வருடமே உலகப்போர், அதில் இறந்துபோனார். 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் இருவரும் புகையிலையில் இதையே விரிவாகக் காட்டினார்கள், பேர் அவர்களுக்குப் போனது. டூர்ன்வாவுக்கு இன்னும் பத்து வருடம் கிடைத்திருக்கலாம்.

ஏற்காடு மிளகு
இந்த இழையை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். இப்போதுதான் ஃபோன் செய்தான். மூன்று வருடத்துக்கு முன் டொராண்டோ தமிழ்க் கடையில் வாங்கிய மொச்சையை வேலி ஓரம் போட்டானாம். கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஷெட் மேலே ஏறிவிட்டதாம். ஒரு பூ இல்லை. மண் சரியில்லை என்று இரண்டு மூட்டை எரு வாங்கிப் போட்டானாம்.

நாகலூர் காபி
மொச்சையை ஒத்துக்கொள்கிறேன். கஞ்சாவுக்கு யோசித்துச் சொல்கிறேன்.

ஓமலூர் சாமந்தி
அந்த மொச்சை மேல் நாலு நாள் தார்ப்பாய் போட்டிருந்தால்...

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்
பக்கத்து வீட்டு ஷெட்டையும் சேர்த்தா தம்பி?

ஏற்காடு மிளகு
அவன் இந்த வருடம் இரண்டு செடி தானாகப் பூக்கும் ரகம், இரண்டு தார்ப்பாய் என்று முடிவு செய்திருக்கிறான். சாயங்காலம் மூடுவது அவன் மனைவி பொறுப்பாம், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அப்புறம் அக்கா, குத்து அவரை விதை அந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்கச் சொன்னான்.