வளவுக்கு மர வேலியா இரும்பு வேலியா? நீங்க கண்டதச் சொல்லுங்க

கல்லடியில இருந்து:

அம்மாட வளவுக்கு வேலி மாத்தப் போறம். கடலுக்குக் கிட்டத்தான் வளவு, ரெண்டு ஒழுங்கை தாண்டினா அலை. இப்ப கிடக்கிறது கிடுகு வேலி, மாரி முடியக்குள்ள உக்கிப்போகும், வருஷா வருஷம் கிடுகும் வாங்கிக் கட்டுற ஆளுக்குக் கூலியும் குடுத்து ஏலாமப் போயிட்டு. தம்பி தகரம் அடிப்பம் எண்டுறான், மாமா பனைதான் நிக்கும் எண்டு ஒரே பிடியில நிக்கார், வெல்டிங் பட்டறையில பொக்ஸ் பாரால (சதுர இரும்புக் குழாய்) ஃபிரேம் அடிச்சுத் தாறம் எண்டு விலையும் சொல்லிட்டாங்க. 20 பேர்ச் (5,445 சதுர அடி) வளவு, சதுரமா எடுத்தா சுத்திவர 295 அடி கிட்ட வரும், 8 அடிக்கு ஒரு தூண் எண்டாலே 37 தூண் வேணும். ஒருக்காச் செஞ்சா கனகாலம் நிக்கணும்.

நான் கண்டது ஒண்டு. எங்களுக்குப் பக்கத்து வளவுல இரும்பு ஃபிரேம் வேலி போட்டாங்க, கறுப்புப் பெயின்ட் அடிச்சு பாக்க நல்ல வடிவு. ரெண்டு மாரி போகல்ல, ஒட்டின மூட்டு எல்லாத்துலயும் செங்காவி வழிஞ்சிருந்திச்சு. நான் கிட்டப் போய்ப் பாத்தன், மேல ஒண்டுமில்ல, தூண் மண்ணுக்குள்ள இறங்குற அந்த இடம்தான் மோசம், பெயின்ட் பொக்களிச்சு நிண்டிச்சு, ஸ்குரூ டிரைவரால குத்தினா உள்ளுக்குப் போகுது. மழை படுற ரோட்டுப் பக்கத்த விட மல்லிகைக் கொடி மூடின பக்கம்தான் கூட துரு. மழை பட்டாத்தான் துரு வரும் எண்டு நினைச்ச எனக்கு அது விளங்கவே இல்ல. அதான் கேக்கன், கடல் பக்கம் இரிக்கிறவங்க என்ன போட்டீங்க?

காரைதீவில இருந்து:

தங்கச்சி, நான் வெல்டிங் வேலதான் செய்றன், அதால சொல்றன். மழை உப்பக் கழுவிட்டுப் போகும், கொடி மூடின பக்கத்துல உப்பு அப்படியே ஒட்டிக் கிடந்து ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், அதான் அந்தப் பக்கம் முதல்ல போகுது. ஜீஐ பைப் எண்டு வாங்குவாங்க, அதுக்கு மேல இருக்கிற நாகப் (சிங்க்) பூச்சுதான் இரும்பக் காக்கிறது, தான் கரைஞ்சு இரும்ப விட்டு வைக்கும். நாம ஒட்டக்குள்ள அந்தச் சூட்டுல மூட்டைச் சுத்தி நாகம் எரிஞ்சு போயிடும். அந்த இடத்த பிரஷ்ஷால நல்லாத் தேச்சு சிங்க் பிரைமர் வைக்கணும், வைக்காம நேர பெயின்ட் அடிச்சா அங்கதான் செங்காவி கிளம்பும். கனபேர் இதுக்குக் காசு குடுக்க மாட்டாங்க, நான் விடாமச் சொல்லித்தான் வைக்கிறன்.

பைப் தூணுக்கு மேல வாயை மூடுங்க, இல்லாட்டி மழைத்தண்ணி உள்ளுக்கு நிண்டு உள்ளால தின்னும், வெளியில தெரியாது. அடியில கொங்கிறீட்ட மண்ணுக்கு மேல ஒரு மூணு இஞ்சி உயத்தி, தண்ணி வழிஞ்சு ஓடுற மாதிரி சரிவா முடிக்கச் சொல்லுங்க. மண் மட்டத்துல ஈரமும் காத்தும் சேந்து படும், தூண் போறது அங்கதான். மாசத்துக்கு ஒருக்கா குழாய்த் தண்ணியால கழுவி விடுங்க, உங்கட கிணத்துத் தண்ணி உவர் எண்டா அதால கழுவ வேணாம்.

வெல்லாவெளியில இருந்து:

கடல் பக்கம் இரிக்கிற எழுவான்கரைக்கு உப்பு எண்டா, வாவிக்கு அங்கால உள்ளுக்கு இரிக்கிற எங்கட படுவான்கரைக்குக் கறையான். இஞ்ச இரும்பு எவ்வளவோ நாள் நிக்கும், மரம்தான் சுறுக்காப் போகும். அப்பா வேம்புத் துண்டம் நட்டார், மேல பாத்தா நல்லா நிக்கிது, ஒரு நாள் மாடு வந்து முதுகு தேச்சுது, வரிசையா விழுந்திட்டு. இழுத்துப் பாத்தா மண்ணுக்குள்ள இருந்த பாகம் முழுக்கக் கோது. மறுகா பாலைக் கட்டை நட்டம், அடியச் சுட்டுக் கரியாக்கி, அதுக்கு மேல ஒரு முழம் வரைக்கும் தார் பூசி. குழிக்குள்ள முதல்ல சல்லி போட்டுத்தான் இறக்கினம், தண்ணி நிக்காது. இன்னும் நிக்கிது. பலகை அடிக்கிறவங்க மண்ணுல முட்டாம மூணு இஞ்சி விட்டு அடிங்க, கறையான் ஏறினா மண் குழாய் வெளியில தெரியும், காலால தட்டிவிடலாம். முட்டி அடிச்சா உள்ளால ஏறி வீட்டுக் கூரைக்குப் போன பிறகுதான் தெரியும்.

யானைக்கு மரமும் ஒண்டுதான் இரும்பும் ஒண்டுதான், சொல்லி வைக்கிறன். வளவுல நெல்லு மூட்டை அடுக்கி வச்சா எந்த வேலியும் நிக்காது. கரண்ட் லைன்ல இருந்து நேர கம்பிக்கு இழுக்கிற வேலைய மட்டும் ஒருத்தரும் செய்யாதீங்க, அது சட்டத்துக்கும் விரோதம், மனிசரும் செத்திரிக்காங்க.

அக்கரைப்பற்றில இருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வாப்பா மரத்துலதான் நிண்டார், நான் இரும்புல நிண்டன், கடைசியில கொங்கிறீட் தூணும் வலையும் போட்டம். வலை பிளாஸ்டிக் பூசினது, அதுக்குள்ளயும் நாகம் பூசின கம்பியா எண்டு கேட்டு வாங்கணும், வெறும் கம்பிக்குப் பிளாஸ்டிக் பூசினது எண்டா ஒரு கீறல் விழுந்தாப் போதும், துரு உள்ளுக்குள்ளால ஓடிட்டே போகும். கொங்கிறீட் எண்டு நம்பி இரிக்கவும் ஏலா. கடல் மண்ணுல வாத்த தூணுக்குள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதும், மறுகா தூண் நெடுக வெடிக்கும். மருமகன் வீட்டுல அப்படித்தான் நடந்திச்சு. ஆத்து மண்ணா, கம்பிக்கு மேல கொங்கிறீட் எவ்வளவு மொத்தம் எண்டு வாக்கிற இடத்துக்கே போய் நிண்டு பாருங்க. உம்மாக்கு மட்டும் வலை பிடிக்கல்ல, ரோட்டால போறவன் வாறவன் எல்லாம் வாசலப் பாக்கான் எண்டு. அதுக்கு உள்பக்கமாக் குரோட்டன் வச்சம், இப்ப அடர்த்தியா மூடிட்டு.

திருக்கோவிலில இருந்து:

தகரம் அடிக்கப் போற தம்பிக்கு ஒரு சொல். தகர வேலி காத்தை அப்படியே நெஞ்சுல வாங்கும், காத்துட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்காகும். 1978 நவம்பர் 23 சூறாவளிய எங்கட அப்பா இன்னும் சொல்லுவார், அண்டைக்கு ராவு பறந்த தகரத்துக்குப் பயந்துதான் வெளியில தலை காட்டாமக் கிடந்தாங்களாம். அந்த மாதிரி ஒண்டு வராட்டியும் கார்த்திகையில தாழமுக்கம் வந்தாலே போதும், மணல் தரையில ஆழமில்லாம நட்ட தூண் சரிஞ்சிடும். வலை, இல்லாட்டி இடைவெளி விட்டு அடிச்ச சட்டம் எண்டா காத்து ஊடால போயிடும். தகரம்தான் வேணுமெண்டா தூண 6 அடிக்கு ஒண்டா நெருக்குங்க, குழிய ஆழமாக்குங்க, அப்ப தகரம் மலிவு எண்ட கணக்கும் போயிடும்.

ஆரையம்பதியில இருந்து:

ஏன் அக்கா ஒருத்தரும் பூவரசச் சொல்லல்ல? கடல் காத்துக்கு அசையாது, கொப்பை வெட்டிக் கதியாலா நட்டா வேர் பிடிக்கும், உயிரோட நிக்கிற மரத்துக்குத் தாரும் வேணாம் பெயின்டும் வேணாம். எங்கட வளவுப் பின்பக்கம் பூவரசும் கிளுவையும்தான், இடையில முள்ளுக்கம்பி மூணு நிரை. ஒண்டு பாருங்க, கம்பிய நேர மரத்துல இறுக்கிக் கட்டினா மரம் பெருத்துக் கம்பிய விழுங்கிடும், மறுகா கழட்டவே ஏலா. ஒவ்வொரு வருஷமும் கொப்பு வெட்டத்தான் வேணும், வெட்டாட்டிப் பக்கத்து வளவுக்குள்ள சாயும். ஆட்டுக்குக் குழை கிடைக்கிது, அது லாபம்.

மாமாட பனைக்கு வைரம் மட்டும் எடுங்க. வெளிக் கறுப்புத்தான் இரும்பு மாதிரி, உள்சோத்தி ஒரு மழைக்கே உக்கும். வளவுல நிக்கிற பெண் பனையத் தறிக்கிறதா இருந்தா பிரதேச செயலகத்துல அனுமதி எடுக்காமத் தறிக்க வேணாம்.

கல்லடியில இருந்து:

எல்லாருக்கும் நன்றி, தம்பிக்கு முழுசா வாசிச்சுக் காட்டினன், தகரக் கதைய விட்டுட்டான். ரெண்டு பக்கமும் கொங்கிறீட் தூணும் வலையும், பின்னால பூவரசு. ஒழுங்கைப் பக்கம் மட்டும் மாமா சொன்ன பனஞ்சட்டம், இடைவெளி விட்டு, அம்மா வாசல்ல இரிக்கக்குள்ள மரத்தப் பாத்துத்தான் இரிக்கணுமாம். அதுக்குச் சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆணி போடலாமா? கடைக்காரர் துருவே பிடிக்காது எண்டார்.

காரைதீவில இருந்து:

அந்த ஸ்டீல்ல 304 எண்ட வகை எண்டா கடல் பக்கம் கறை வரும் தங்கச்சி, 316 வகை கேளுங்க, விலை கூடத்தான், ஒரு பக்கத்துக்குத்தானே. தை பிறந்து மழை விட்ட பிறகு குழி வெட்டுங்க, அதுக்கு முதல் சேவையரக் கூப்பிட்டு எல்லைக்கல்லப் பாத்து, பக்கத்து வளவுக்காரரையும் வச்சுக்கிட்டு நூல் பிடிங்க.