மலை மூலிகை இருக்க, தூக்க மாத்திரை எதற்கு?

குறிஞ்சிக்காடு, கொடைக்கானல்:

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதும் அல்பிரசோலம் மாத்திரை 0.25 மி.கி.யில் தொடங்கும். சில மாதத்தில் அது போதாமல் 0.5 ஆகும். அப்புறம் கூடவே அதே வகைக் குளோனசிபமும் சேரும். இதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாடகைத் தூக்கம் என்பேன். நம் மலையில் வேலியோரம் முளைக்கிற செடிகளில் பாதிக்கு நரம்பை அமர்த்தும் குணம் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் அமுக்கரா (அஸ்வகந்தா) எடுக்கச் சொல்லுங்கள்.

சுத்தி செய்யாமல் எடுக்கக் கூடாது. சட்டியில் பாலும் நீரும் சரிபாதி ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி, இடித்த சூரணத்தை அதன்மேல் பரப்பி மூடி, ஆவியில் பிட்டுபோல் அவிக்க வேண்டும். பிறகு உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்து, இரவில் 3 கிராம், காய்ச்சிய பாலில்.

ஷெட்யூல்_எச்1, குன்னூர்:

செய்முறை சரிதான். "மாத்திரையை நிறுத்திவிட்டு" என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில்.

இந்த மாத்திரைகள் மூளையில் காபா என்ற பிரேக்கை அழுத்திப் பிடிப்பவை. மாதக்கணக்கில் எடுத்தால் மூளை அந்த அழுத்தத்துக்குப் பழகி, தன் பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, முன்பைவிட மோசமான தூக்கமின்மை. சிலருக்கு வலிப்பே வரும். அமுக்கரா இந்த வலிப்பைத் தடுக்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அல்பிரசோலத்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 11 மணி, அதனால் ஓரிரு நாளிலேயே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். குளோனசிபத்துக்கு 30 முதல் 40 மணி நேரம். நிறுத்திய முதல் மூன்று நாலு நாள் ரத்தத்தில் பழைய மருந்தே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் சூரணம் எடுத்தவர் "ஆஹா, மூலிகை வேலை செய்கிறது" என்பார். பழைய மருந்து வடிந்தபின் கதை மாறும். அதற்குள் மீதி மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பார்.

குறிஞ்சிக்காடு:

பொறியை ஒப்புக்கொள்கிறேன். படிப்படியாகக் குறைக்கட்டும். ஆனால் அதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பழைய சீட்டையே காட்டி மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதானே உங்கள் நவீன மருத்துவத்தின் சொந்த விதி? தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரையே அல்ல, நடத்தைப் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லேயே சொல்லிவிட்டது.

ஷெட்யூல்_எச்1:

அந்தக் குற்றச்சாட்டுக்கு மறுப்பு இல்லை. அல்பிரசோலம், டயசிபம், சோல்பிடம் எல்லாம் 2014 மார்ச் 1 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில். மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டுக்குக் கொடுப்பது கடைக்காரர் செய்கிற தவறு. பூசி மெழுகத் தேவையில்லை.

குறைப்பதில் கணக்குத்தான் சிக்கல். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம். எந்த நிலையிலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குளோனசிபம் 0.5-ல் பத்து சதவீதம் என்றால் 0.05. அப்படி ஒரு மாத்திரை கடையில் இல்லை. 0.25 மாத்திரையை நாலாக வெட்டினால் ஒரு துண்டு 0.0625. 0.5-லிருந்து ஒரு துண்டு குறைந்தால் 12.5 சதவீதம், தாங்கலாம். அதே துண்டு 0.25-லிருந்து போனால் 25 சதவீதம். 0.125-லிருந்து போனால் சரிபாதி! கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் செங்குத்து. "கொஞ்சம்தானே பாக்கி" என்று அங்கே அவசரப்பட்டுத்தான் பலர் விழுகிறார்கள். வாயில் கரையும் வகையை வெட்டவே முடியாது, பொடியாகிவிடும். நீடித்து வெளியாகும் எஸ்ஆர் வகையை வெட்டவே கூடாது.

இதனால்தான் சில மருத்துவர்கள் டயசிபத்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். குளோனசிபம் 0.5 என்பது தோராயமாக டயசிபம் 10 மி.கி. அதில் பத்து சதவீதம் 1 மி.கி.; 2 மி.கி. மாத்திரையில் பாதி, கையால் ஒடிக்கலாம். வயதானவர்களுக்கு மட்டும் யோசிக்க வேண்டும். டயசிபம் அவர்கள் உடம்பில் நாள்கணக்கில் தேங்கும். ராத்திரி எழுந்தால் தள்ளாட்டம், விழுந்தால் இடுப்பெலும்பு. மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில் இருக்கட்டும். கணக்கு புரிந்தால் அவரிடம் சரியான கேள்வி கேட்கலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

சோலைத்தாவரன், உதகை:

நீங்கள் இருவரும் மாத்திரையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது "வேலியோரச் செடிகளில் பாதி" என்ற வரி. குறிஞ்சி சார், முதலில் அமுக்கரா மலைச் செடியே அல்ல. வறண்ட நிலத்துப் பயிர், மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கம் விளைவது. நம் பனியில் அதன் கிழங்கு அழுகும்.

வேலியோரம் உண்மையில் இருப்பது எது? தாட்பூட் பழக்கொடி. தூக்கத்துக்கு ஐரோப்பாவில் பயன்படுவது பாசிஃபுளோரா இன்கார்னேட்டா என்ற வேறு இனம். நம்மிடம் இருப்பது எடுலிஸ். கூடவே வாழைப்பழம்போல் நீளக் காய் காய்க்கும் களை இனம். எடுலிஸ் இலையில் சயனைடு விடுவிக்கும் பொருள் உண்டு. பழத்தைச் சாப்பிடுங்கள், இலையைக் கஷாயம் போடாதீர்கள்.

மஞ்சள் பூ பூக்கும் ஹைபெரிக்கம் புதரைப் பார்த்து "இதுதான் வெளிநாட்டுக்காரன் மனச்சோர்வுக்குச் சாப்பிடுவது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த மருந்து ஹைபெரிக்கம் பெர்ஃபொரேட்டம். நம் மலையில் இருப்பது மைசூரென்ஸ் முதலான வேறு இனங்கள். அசல் செடியே கிடைத்தாலும் ஆபத்துதான்: கல்லீரலின் நொதிகளைத் தூண்டி அல்பிரசோலத்தையும் கருத்தடை மாத்திரையையும் வேகமாகக் கரைத்துவிடும்.

தூக்கத்துக்கு என்று சொல்லப்படும் சடாமாஞ்சில் இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேல் வளர்வது. "நம்ம காட்டுச் சரக்கு" என்று யாராவது விற்றால் அது வேறு ஏதோ வேர். வேரைத் தூக்கத்துக்குப் பயன்படுத்தும் வலேரியன் குடும்பம் இங்கே உண்டுதான், ஆனால் அதில் நீலகிரிக்கே உரிய இனம் ஒன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. சோலைக்குள் போய் வேரைத் தோண்டுவது சட்டப்படியும் குற்றம்.

கடைசியாக, பங்களா வேலிகளில் வெள்ளையும் ஆரஞ்சுமாகத் தலைகீழாகத் தொங்கும் நீளப் பூ. புருக்மான்சியா, ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். அதைத் தலையணைக்கடியில் வைத்தால் தூக்கம் வரும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பூ, இலை, விதை எல்லாவற்றிலும் ஸ்கோபலமின், அட்ரோபின். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, சிறுநீர் அடைத்து, காய்ச்சலோடு பிதற்றல் வரும். அது தூக்கமல்ல, விஷம். பறித்த கையால் கண்ணைத் தேய்த்தாலே பார்வை மங்கும்.

ஜாதிபத்திரி, பர்லியார்:

வேலியோரம் என்றால் எங்கள் பக்கத்து ஜாதிக்காயையும் சொல்லுங்கள். பாலில் ஒரு சிட்டிகை, அரை கிராமுக்கும் கீழே, பழைய வழக்கம். தப்பு நடப்பது எங்கே என்றால், இதன் வேகம் தெரிய மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்துப் பதினொன்றுக்குத் தூக்கம் வரவில்லையே என்று இன்னும் உரசிப் போடுவார்கள். முழுக்காய் ஒன்று 5 கிராமுக்கு மேல் வரும். அந்த அளவிலேயே படபடப்பு, வாந்தி, இல்லாதது தெரிவது எல்லாம் தொடங்கலாம்; மறுநாள் முழுக்க நீடிக்கும். குழந்தைக்கு உரசிக் கொடுப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறிஞ்சிக்காடு:

சோலைத்தாவரன் சார், "பாதி" என்றது மிகை, திரும்பப் பெறுகிறேன். ஆனால் மூலிகை என்றாலே வேடிக்கை என்ற தொனி வேண்டாம். சிவன் அமல்பொடியை, அதாவது சர்ப்பகந்தாவை, ரத்தக் கொதிப்புக்கும் பித்துக்கும் இங்கே காலங்காலமாகக் கொடுத்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் அதைப் பற்றி எழுதினார்கள். அதே வேரிலிருந்துதான் 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரிசர்பினைப் பிரித்தெடுத்தது.

ஷெட்யூல்_எச்1:

அந்த உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. ரிசர்பின் வேலை செய்தது, அதனாலேயே கெடுதலும் செய்தது. நரம்பு முனைகளில் சேமித்த ரசாயனங்களைக் காலி செய்வதால் ரத்த அழுத்தம் இறங்கும், மூக்கடைக்கும், சிலருக்குக் கடும் மனச்சோர்வு வரும். பதற்றத்துக்கு என்று அந்த வேரை இன்று யாரும் வீட்டில் பொடி செய்யக் கூடாது.

அமுக்கராவுக்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அவை 300 மி.கி. செறிவான வேர்ச்சாற்றை நாளுக்கு இருமுறை, எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தவை. உங்கள் 3 கிராம் பொடியும் அந்தச் சாறும் ஒன்றல்ல. வலேரியன் கதை இன்னும் பலவீனம். தூக்கமின்மைக்கு அதைத் தர வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

கொண்டைஊசி_36, மசினகுடி:

மருந்தா மூலிகையா என்று நீங்கள் முடிவு செய்வதற்குள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி பத்து மணிக்குப் போட்ட குளோனசிபம் காலை ஏழு மணிக்கு எவ்வளவு மிச்சம்?

ஷெட்யூல்_எச்1:

அண்ணா, எண்பது சதவீதத்துக்கு மேல். அல்பிரசோலமாக இருந்தால் பாதிக்குச் சற்று மேல். தினமும் போடுகிறவருக்கு முந்தைய நாட்களின் பாக்கியும் சேரும். மலையேறும் பயணிகள் வாந்திக்குப் போடும் அவோமினும் தூக்கம் வரவழைக்கும் மருந்துதான், அதில் இருப்பது புரோமெத்தசின். பதற்ற மாத்திரையோடு அதையும் போட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சாராயம் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

இன்னொன்று, குளிருக்கு அறையில் கரிக்கணப்பு வைத்துவிட்டுத் தூக்க மாத்திரை போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல்தான் அது தரும் ஒரே எச்சரிக்கை. மாத்திரை போட்டவர் அதற்கும் எழ மாட்டார்.

குறிஞ்சிக்காடு:

அப்படியானால் தூக்கம் வராதவருக்கு உங்கள் கையில் என்னதான் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் தடை போட்டாயிற்று.

ஷெட்யூல்_எச்1:

நீங்களே சொன்ன நடத்தைப் பயிற்சிதான். மலையில் பனிக்காலத்தில் ஏழு மணிக்கே கம்பளிக்குள் புகுந்துவிடுகிறோம். பத்து மணி நேரம் படுக்கை, அதில் ஐந்தரை மணி நேரம் தூக்கம், மீதி புரளல். புரளும் நேரத்தைத்தான் நோய் என்று எண்ணுகிறோம். இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். சராசரித் தூக்கம் ஐந்தரை மணி என்றால் படுக்கையும் ஐந்தரை மணிதான்: எழுவது ஐந்தரைக்கு என்றால் படுப்பது பன்னிரண்டுக்கு. படுத்த நேரத்தில் 85, 90 சதவீதம் தூங்கிவிட்டால் அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். ஐந்து மணிக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகும், அப்போது கல்லட்டியில் வண்டி வேண்டாம். வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

மதியம் இரண்டுக்குப் பிறகு டஸ்ட் டீ கூடாது. நீலகிரியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது பாவம்தான், ஆனால் கஃபீன் பாதியாகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

குறிஞ்சிக்காடு:

முதல் பதிவில் "மாத்திரையை நிறுத்திவிட்டு" என்பதை அடித்துவிட்டு, "மருத்துவர் சொன்னபடி குறைத்து முடித்தபின்" என்று மாற்றிவிடுகிறேன். வாடகைத் தூக்கம் என்பதை அடிக்க மாட்டேன்.

ஷெட்யூல்_எச்1:

அடிக்க வேண்டாம். ஆனால் அங்கேயே இதையும் சேருங்கள்: கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு மிகுதியாகச் சுரப்பவர்களுக்கும் அமுக்கரா கூடாது, கண் மஞ்சளானால் அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை. கடையில் விற்கும் அமுக்கராச் சூரணம் வேறு பொருள். கிராம்பு 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 பங்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கு அது. 3 கிராம் எடுத்தால் முக்கால் கிராம்தான் அமுக்கரா, ஒன்றரை கிராம் சர்க்கரை.

சோலைத்தாவரன்:

கிழங்காக வாங்குகிறவர்கள் ஒடித்துப் பார்த்து வாங்குங்கள். மடக்கினால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் உலர்த்தியது என்றால் பூஞ்சை பிடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சமவெளியில் காயவைத்து ஏற்றிவருவதே மேல்.