டெட்ரா தினமும் ஒண்ணு காணோம், அவசரம்!

அவசரக்குடுக்கை: தொட்டியில நியான் டெட்ரா மீன் 12 விட்டிருந்தேன், இப்ப 5தான் இருக்கு. செத்து மிதக்கவும் இல்ல. ராத்திரி லைட்டை அணைச்சா காலைல ஒண்ணு குறையுது. போன வாரம் டார்பிடோ பார்ப்னு ஒரு மீன் கொடுத்தாங்க, ஆரஞ்சும் கறுப்புமா கோடு. அது சாதுதானே? சீக்கிரம் சொல்லுங்க.

பஞ்சுஃபில்டர்: ஃபில்டரைத் திறந்து பாருங்க. எனக்கு ஒரு தடவை ஸ்பான்ஜ் கழண்டு 3 மீன் உள்ள கெடந்துச்சு. இதுவும் அதேதான்.

அண்ணாச்சி: தொட்டி எத்தனை அடி? மீன் எத்தனை அங்குலம்? போட்டோ எங்க? ஒண்ணும் சொல்லாம "சீக்கிரம்"னா நான் என்ன குறி சொல்றவனா?

நத்தைப்பிரியன்: தண்ணியில கழிவு அம்மோனியா ஏறி செத்திருக்கும். நத்தை இருந்தா விடியறதுக்குள்ள சுத்தமாத் தின்னுடும். தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா?

வால்நோக்கி: பார்ப்னா வால் கவை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு, நுனியில கறுப்பும் மஞ்சளுமா இருக்கும். முதுகுத் துடுப்பு குட்டை. உங்க மீனுக்குத் துடுப்பு தலைக்குப் பின்னால இருந்து வால் பக்கம் வரைக்கும் ஒரே நீளமா ஓடுதா? அப்பப்ப மேல வந்து காத்து குடிக்குதா?

அவசரக்குடுக்கை: ஆமா!! வாலும் வட்டமா இருக்கு. காத்து பத்தலைன்னு நினைச்சு பெரிய ஏர் பம்ப் மாட்டினேன். 2 அடி தொட்டி, மீன் 4 அங்குலம்.

வால்நோக்கி: அப்ப அது விரால் ஜாதி. ரெண்டு கறுப்புக் கோட்டுக்கு நடுவுல ஆரஞ்சுன்னா சன்னா மைக்ரோபெல்டஸ் குஞ்சு. வளர்ந்தா 1 மீட்டரைத் தாண்டும், இந்த அழகுக் கோடும் மறைஞ்சிடும். பம்ப் எத்தனை போட்டாலும் அது மேல வந்து காத்து குடிச்சே ஆகணும், அதனால தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல இடம் விடுங்க. மூடி மேல கனமா ஏதாவது வைங்க, எகிறிக் குதிக்கும். மிச்ச டெட்ராவை இப்பவே எடுத்துடுங்க, ஒரு பக்கெட்ல விட்டாலும் சரி.

ரத்தக்கண்: சூப்பர் மீன்! கோல்ட்ஃபிஷ் போட்டு வளருங்க, வேட்டை பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி: தெரியாததைச் சொல்லிக் கெடுக்காதீங்க. கோல்ட்ஃபிஷ்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற தயாமினேஸ்ங்கிற நொதி இருக்கு, அதையே தின்னா அந்த வைட்டமின் குறைஞ்சு மீன் நோஞ்சானாயிடும். வாங்கின மீனோட நோயும் ஓசியில வரும். மண்புழு, பெல்லட் தீனின்னு பழக்கணும்.

ரத்தக்கண்: என் ஆஸ்கர் மீன் 6 வருஷமா அதைத்தான் திங்குது. ஆத்துல பெல்லட் யாரு போடறா?

அண்ணாச்சி: ஆத்துல கோல்ட்ஃபிஷ் மட்டும் யாரு போடறா? இது வெச்சிக்கிறவங்க பேசற பேச்சு இல்ல, வேடிக்கை பார்க்கிறவங்க பேச்சு.

ரத்தக்கண்: வந்துட்டாரு வாத்தியாரு. நீங்க விரால் வளர்த்திருக்கீங்களா?

அண்ணாச்சி: தம்பி, உங்க ஆஸ்கரோட போட்டோ போடுங்க, அப்புறம் பேசுவோம்.

அவசரக்குடுக்கை: சண்டையை விடுங்க சார். இதைப் பக்கத்து ஏரியில விட்டுடலாமா?

வால்நோக்கி: ஐயோ, வேண்டவே வேண்டாம். அமெரிக்காவுல மேரிலாந்துல குரோஃப்டன் பக்கம் ஒருத்தர் இதே ஜாதியில வேற வகை ரெண்டே ரெண்டை ஒரு குளத்துல விட்டாரு. அது குஞ்சு பொரிச்சுப் பெருகி, 2002-ல குளத்துக்கே விஷம் போட வேண்டியதாப் போச்சு. கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுங்க.

அவசரக்குடுக்கை: கொடுத்தாச்சு. டெட்ரா 4. நன்றி.

பஞ்சுஃபில்டர்: ஃபில்டரைத் திறந்து பார்த்தீங்களா, இல்லையா?